ஐப்பசி, கார்த்திகை: மழை வரும் நாளில் பயிருக்கு எத்தனை நாள் வயது?

புரட்டாசி முடியும் நேரம். ஆண்டுதோறும் செப்டம்பர் கடைசியில் இந்திய வானிலை ஆய்வுத் துறை வடகிழக்குப் பருவமழைக்கான கணிப்பை வெளியிடுகிறது. அது வந்ததும் முத்துப்பேட்டை, தில்லைவிளாகம், இடும்பாவனம் டீக்கடைகளில் ஒரே கேள்விதான்: “இந்த வருஷம் மழை கூடவா, குறைச்சலா?”

கேள்வி நியாயமானதே. ஆனால் கடைமடை விவசாயி அதோடு இன்னொன்றையும் கேட்டுக்கொள்ள வேண்டும்: பெருமழை வரும் நாளில் நம் சம்பாவுக்கு எத்தனை நாள் வயது? மூன்று நாள் தண்ணீர் நின்றால் எண்பது நாள் பயிர் தாங்கிவிடும். முப்பது நாள் பயிர் மூழ்கி அழுகிவிடும். பெய்யும் மழை இரண்டுக்கும் ஒன்றுதான்.

மலைத் தண்ணீர்

முத்துப்பேட்டை சம்பா இரண்டு தண்ணீரை நம்பி இருக்கிறது. முதல் தண்ணீர் மலையிலிருந்து வருகிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதிப் பொழிகிறது. குடகு, ஹாசன் பக்கத்து மழை ஹாரங்கி, ஹேமாவதி, கிருஷ்ணராஜ சாகர் அணைகள் வழியாக வருகிறது. வயநாட்டின் கிழக்குச் சரிவில் பெய்வது கபினி வழியாக வருகிறது. இரண்டும் மேட்டூரில் சேர்ந்து, கல்லணையைக் கடந்து, வெண்ணாற்றில் இறங்கி, நீடாமங்கலம் அருகே மூணாறு தலைப்பில் பிரிந்து, கோரையாறாகவும் பாமணி ஆறாகவும் கடைசியில்தான் நம் வாய்க்காலுக்கு வருகின்றன. மேட்டூரில் திறந்த தண்ணீர் கடைமடைக்கு வந்து சேர இரண்டு வாரம் ஆவதும் உண்டு.

மேட்டூர் திறப்புக்கு வழக்கமான நாள் ஜூன் 12. எல்லா ஆண்டும் அது நடப்பதில்லை. 2023-ல் ஜூன் 12 அன்றே திறந்தார்கள். ஆனால் கர்நாடகத்தில் மழை பொய்த்து அணை வறண்டுபோக, அக்டோபர் 10-ல் மூடிவிட்டார்கள். அந்த ஆண்டு சம்பா வானத்தை நம்பியே நின்றது. 2024-ல் திறப்பே ஜூலை 28-க்குத் தள்ளிப்போனது. ஆனால் இரண்டே நாளில், ஜூலை 30 அன்று, அணை முழுக் கொள்ளளவான 120 அடியை எட்டியது. வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலை கிராமங்களை நிலச்சரிவு அழித்ததும் அதே நாள்தான். அங்கே சரிந்த மண் சாலியாற்றில் மேற்கே போனது. மலையின் கிழக்குப் பக்கம் பெய்தது கபினியில் இறங்கி மேட்டூருக்கு வந்தது. மலைக்கு அந்தப் பக்கம் உயிரைப் பறித்த பருவமழைதான் இந்தப் பக்கம் டெல்டாவுக்குத் தண்ணீராக வந்து சேர்ந்தது.

இதில் கவனிக்க வேண்டியது தேதி. சி.ஆர். 1009 சப்-1 போன்ற நீண்ட கால ரகத்துக்கு 150 நாள் வேண்டும். ஆவணி முதல் பாதியில் விதைத்திருந்தால் கார்த்திகை பிறக்கும்போது பயிருக்கு ஏறத்தாழ 80 நாள் ஆகியிருக்கும். தூர் கட்டி, தண்டு உரம் ஏறி நிற்கும். தண்ணீர் தாமதமாகி, விதைப்பு புரட்டாசிக் கடைசிக்குத் தள்ளிப்போனால் அதே கார்த்திகை முதல் தேதி பயிருக்கு முப்பது நாள்தான். ஆடியில் மலையில் பெய்த மழை கார்த்திகையில் நம் பயிர் எவ்வளவு உயரம் நிற்கும் என்பதை முடிவு செய்துவிடுகிறது.

ஐப்பசியிலும் மலையை மறந்துவிடக் கூடாது. வடகிழக்குப் பருவத்தில் நீலகிரியின் கிழக்குச் சரிவும் கொடைக்கானல், பழநி மலைகளும் நல்ல மழை பெறும். பவானிசாகர், அமராவதி அணைகள் நிறைந்தால் உபரி நீர் மேட்டூருக்குக் கீழே காவிரியில் சேரும். அந்த வெள்ளத்தை முக்கொம்பில் கொள்ளிடத்துக்குத் திருப்புவார்கள். டெல்டாவில் கனமழை பெய்யும்போது பாசன ஆறுகளில் தண்ணீரைக் குறைப்பதும் வழக்கம். எனவே நீலகிரி, ஈரோடு, கரூர் பக்கம் சிவப்பு எச்சரிக்கை என்று செய்தி வந்தால் ‘நமக்கென்ன’ என்று இருந்துவிடாமல், வாய்க்கால் மதகையும் ஷட்டரையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

கடல் மழை

இரண்டாவது தண்ணீர் வங்கக் கடலிலிருந்து வருகிறது. வடகிழக்குப் பருவமழை தொடங்கும் சராசரி நாள் அக்டோபர் 20. ஒரு வாரம் முன்பின் ஆகலாம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை தமிழ்நாட்டுக்குக் கிடைக்கும் சராசரி மழை 44 செ.மீ. திருவாரூர், நாகை மாவட்டங்களில் இதைவிட மிக அதிகம்.

டெல்டாவைப் பதம் பார்த்த நாள்களை வரிசையாகப் பாருங்கள். 1952-ல் நாகைப் பக்கம் கரை கடந்த புயல், நவம்பர் 30. கஜா புயல், 2018 நவம்பர் 16 அதிகாலை. நிவர் புயல், 2020 நவம்பர் 25 இரவு. அதன் பின்னாலேயே டிசம்பர் முதல் வாரத்தில் புரெவி. பாம்பன் அருகே கடலில் நகராமல் நின்ற புரெவி, கரை கடக்காமலேயே டெல்டா முழுவதையும் மழையில் மூழ்கடித்தது. 2025-ல் நவம்பர் 28 அன்று இலங்கைக்குள் புகுந்து, அங்கே மலைநாட்டு ஊர்களை நிலச்சரிவில் புதைத்த டித்வா, டெல்டாவிலும் சம்பா வயல்களை மூழ்கடித்தது.

தமிழ்த் தேதியில் சொன்னால், இவையெல்லாம் ஐப்பசிக் கடைசிக்கும் கார்த்திகை இருபதாம் தேதிக்கும் உள்ளே வருகின்றன. எந்த நாள் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஆனால் எந்த இருபது, இருபத்தைந்து நாள் என்பது நமக்குத் தெரியும். பயிரை அந்த நாள்களுக்குத் தயார் செய்வதே இந்தப் பருவத்தின் வேலை.

‘இயல்பான மழை’ என்றால் எவ்வளவு?

செய்தியில் ‘இயல்பை ஒட்டிய மழை’ என்று வந்தால் பலரும் நிம்மதி அடைகிறார்கள். அந்தச் சொல்லின் கணக்கு வேறு. பருவம் முழுமைக்குமான அந்தக் கணிப்பு தமிழ்நாடு, கேரளம், கர்நாடகத்தின் தென் உட்பகுதி, கடலோர ஆந்திரம், ராயலசீமா ஆகிய ஐந்து பகுதிகளையும் சேர்த்துச் சொல்லப்படுவது. நீண்ட காலச் சராசரியில் 88 முதல் 112 சதவீதம் வரை பெய்தால் அது ‘இயல்பு’. அதில் முத்துப்பேட்டைக்கு எவ்வளவு என்று எழுதியிருக்காது. எத்தனை நாளில் பெய்யும் என்றும் இருக்காது. நாற்பது நாளில் பரவலாகப் பெய்த 60 செ.மீ. சம்பாவை வளர்க்கும். ஐந்து நாளில் கொட்டிய அதே 60 செ.மீ. சம்பாவை அழிக்கும். ஆண்டுக் கணக்கில் இரண்டும் ஒன்றாகவே பதிவாகும்.

எல் நினோ, லா நினா என்ற பெயர்களும் இப்போது கிராமத்தில் பழகிவிட்டன. பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடானால் எல் நினோ, குளிர்ந்தால் லா நினா. எல் நினோ தென்மேற்குப் பருவமழையைக் குறைக்கும், வடகிழக்குப் பருவமழைக்குப் பெரும்பாலும் கைகொடுக்கும் என்பது பொது விதி. 2015-ல் விதிப்படியே நடந்தது. எல் நினோ ஆண்டில் சென்னை வெள்ளத்தில் மிதந்தது. ஆனால் 2021 லா நினா ஆண்டு. விதிப்படி மழை குறைந்திருக்க வேண்டும். பெய்ததோ 71 செ.மீ. 2016-ல் லா நினா வலுவில்லாமல்தான் இருந்தது. ஆனால் இந்தியப் பெருங்கடலும் பாதகமாக இருந்ததால் மழை தொடங்கவே அக்டோபர் 30 ஆகி, மாநிலத்துக்கு 17 செ.மீ. அளவே கிடைத்தது. டெல்டாவில் சம்பா கருகியது. பெயரை வைத்துக்கொண்டு பயிர் முடிவு எடுப்பது ஆபத்து என்பதையே இந்த மூன்று ஆண்டுகளும் காட்டுகின்றன.

எந்தக் கணிப்பு எதற்கு?

மூன்று மாதக் கணிப்பை ரகம், விதைப்பு முறை, காப்பீடு போன்ற பெரிய முடிவுகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். வியாழக்கிழமைதோறும் வரும் நீண்ட நாள் கணிப்பு, அடுத்த இரண்டு வாரம் மழை கூடுமா குறையுமா என்று சொல்லும். வடிகால் வெட்டவும் களை எடுக்க ஆள் பேசவும் அது போதும். செவ்வாய், வெள்ளிக்கிழமைகளில் வரும் வேளாண் வானிலை அறிக்கை அடுத்த ஐந்து நாளுக்கானது. மேகதூத் செயலியில் தமிழிலேயே கிடைக்கும். உரமிடுவதும் மருந்து தெளிப்பதும் அதைப் பார்த்த பிறகே. காரைக்கால் ரேடாரை வைத்துச் சொல்லப்படும் மூன்று மணி நேர முன்னறிவிப்பு ஆடுமாடுகளைக் கட்டுத்தறிக்கு ஓட்டவும், களத்தில் காயும் நெல்லை மூடவும் உதவும்.

எச்சரிக்கையில் வரும் சொற்களுக்கும் அளவு உண்டு. ஒரே நாளில் 7 முதல் 11 செ.மீ. வரை பெய்தால் கனமழை. 12 முதல் 20 வரை மிக கனமழை. 21-ம் அதற்கு மேலும் அதி கனமழை. ஒரு செ.மீ. மழை ஒரு ஏக்கரில், அதாவது நம் கணக்கில் மூன்று மாவில், சுமார் 40 ஆயிரம் லிட்டர். 20 செ.மீ. பெய்தால் 8 லட்சம் லிட்டர். அந்தத் தண்ணீர் எந்த வழியாக வெளியேறும் என்ற கேள்விக்கு இப்போதே பதில் வேண்டும்.

தண்ணீர் போகும் வழி

பாமணி, கோரையாறு, கந்தபரிச்சான், கிளைதாங்கி, மரக்கா கோரையாறு ஆகியவை முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டை ஒட்டிய காயலில் கலக்கின்றன. ஆற்று மட்டத்துக்கும் கடல் மட்டத்துக்கும் இங்கே பெரிய வித்தியாசம் இல்லை. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் ஏறும் நேரத்தில் வடிகால் தண்ணீர் இறங்காமல் நிற்கும். அதே நாளில் கனமழையும் சேர்ந்தால் வயல் வடிய இரண்டு, மூன்று நாள் கூடுதலாகும். ஐப்பசி, கார்த்திகை நாள்காட்டியில் அந்த நான்கு நாள்களையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அந்த நாள்களுக்கு முன்பே வயலில் தேங்கிய தண்ணீரை இறக்கி, இரண்டு அங்குலத்துக்கு மேல் நிற்காமல் பார்த்துக்கொண்டால் வரும் மழைக்கு வயலில் இடம் இருக்கும்.

வடிகால் தனி ஒருவர் வேலையாக முடியாது. மேலே இருப்பவர் வரப்பை வெட்டினால் கீழே இருப்பவர் வயல் மூழ்கும். சண்டையும் அங்கேதான் தொடங்கும். மழைக்கு முன்பே பங்காளிகளும் பக்கத்து வயல்காரர்களும் சேர்ந்து நடந்து பார்த்து, எந்த வாய்க்கால் அடைத்திருக்கிறது, எங்கே ஆகாயத்தாமரையும் காட்டாமணக்கும் மண்டியிருக்கின்றன என்று குறித்து, ஊராட்சியிலும் நீர்வளத் துறை அலுவலகத்திலும் எழுத்தில் கொடுத்துவிடுவது நல்லது. கிளை வாய்க்காலைச் சொந்த ஆள்களோடு ஒரு நாளில் சுத்தம் செய்துவிடலாம்.

மாத வேலை

*ஐப்பசி முதல் பாதி:* இன்னும் விதைக்காத வயலில் நீண்ட கால ரகத்தை விடுங்கள். நாள் குறைந்த ரகத்தை மேட்டுப்பாங்கில் நாற்று விட்டு, வயது சரியாக இருக்கும்போது நடுவது பாதுகாப்பானது. நேரடி விதைப்பில் சந்து விழுந்த இடங்களை, நெருக்கமான இடத்துப் பயிரைக் களைந்து நட்டு நிரப்புங்கள். மேலுரத்தை ஒரேயடியாக இடாமல் பிரித்து இடுங்கள். இரண்டு நாளில் மழை என்றால் யூரியா மூட்டையைப் பிரிக்காதீர்கள்.

*ஐப்பசி இரண்டாம் பாதி:* மேகமூட்டமும் தூறலும் தொடர்ந்தால் ஆனைக்கொம்பன் வரும். குருத்து வெங்காய இலைபோல் உருண்டு நீண்டிருக்கிறதா என்று பாருங்கள். பயிர்க் காப்பீட்டை இந்த நாள்களிலேயே முடித்துவிடுங்கள்.

*கார்த்திகை:* பெருமழை வந்து வடிந்த பிறகு முதல் வேலை தண்ணீரை இறக்குவது. இளம் பயிர் மஞ்சளித்திருந்தால் ஏக்கருக்கு 22 கிலோ யூரியா, 18 கிலோ ஜிப்சம், 4 கிலோ வேப்பம் பிண்ணாக்கு கலந்து ஓர் இரவு வைத்து, மறுநாள் 17 கிலோ பொட்டாஷ் சேர்த்து இடலாம். வயலில் இறங்க முடியாத நிலையில் 2 கிலோ யூரியா, 1 கிலோ ஜிங்க் சல்பேட்டை 200 லிட்டர் தண்ணீரில் கரைத்துத் தெளிக்கலாம். இலை ஓரம் காய்ந்து பாக்டீரியா இலைக்கருகல் தெரிந்தால் யூரியாவை நிறுத்திவிட்டு, 40 கிலோ புதுச் சாணத்தை 200 லிட்டர் தண்ணீரில் கரைத்து, தெளிய வைத்து வடிகட்டித் தெளியுங்கள்.

*மார்கழி, தை:* மழை விட்டதும் தூரின் அடியில் புகையான் இருக்கிறதா என்று பிரித்துப் பாருங்கள். தை பிறந்தால் ஆபத்து போய்விட்டது என்று எண்ண வேண்டாம். 2021 ஜனவரியிலும் 2023 பிப்ரவரி தொடக்கத்திலும் அறுவடைக்கு நின்ற கதிர் மழையில் சாய்ந்து முளைத்தது. அறுவடை இயந்திரம் பேசும் முன் ஐந்து நாள் கணிப்பைப் பார்த்துவிடுங்கள்.

வாசகர் கேள்விகள்

*கேள்வி:* புழுதியில் விதைத்து இருபது நாள் ஆகிறது. முறை வைத்து விடும் தண்ணீர் இன்னும் எங்கள் வாய்க்காலுக்கு வரவில்லை. மழையும் இல்லை. உரம் போடலாமா? (தில்லைவிளாகம் வாசகர்)

*பதில்:* காய்ந்த மண்ணில் உரம் போட வேண்டாம். பணமும் போகும், பயிரும் வாடும். களையை மட்டும் இப்போதே எடுத்துவிடுங்கள். இருக்கும் ஈரத்துக்குப் பயிரோடு போட்டியிடுவது களைதான். பயிர் சுருளத் தொடங்கினால் ஏக்கருக்கு 2 கிலோ பொட்டாஷை 200 லிட்டர் தண்ணீரில் கரைத்து மாலையில் தெளியுங்கள். அது ஒரு வாரம், பத்து நாள் தாக்குப்பிடிக்க உதவும். முதல் நல்ல மழை பெய்து மண் நனைந்த பிறகு மேலுரம் இடுங்கள்.

*கேள்வி:* சி.ஆர். 1009 சப்-1 பதினைந்து நாள் மூழ்கினாலும் சாகாது என்கிறார்களே, உண்மையா? (இடும்பாவனம் வாசகர்)

*பதில்:* ஓரளவுக்கு உண்மை. தூர் கட்டும் பருவத்தில் இரண்டு வாரம் வரை மூழ்கினாலும் தண்ணீர் வடிந்ததும் துளிர்க்கும் குணம் அதற்கு உண்டு. அதற்காகத் தண்ணீரைத் தேங்கவிடக் கூடாது. கலங்கல் தண்ணீரும் இலையில் படியும் வண்டலும் அந்தத் தாங்கும் சக்தியைக் குறைக்கும். பூக்கும் பருவத்தில் மூழ்கினால் இந்தக் குணம் காப்பாற்றாது, பதர்தான் மிஞ்சும். ஆகவே அந்த ரகத்தையும் காலத்தில் விதைக்க வேண்டும்.

*கேள்வி:* கஜாவில் எங்கள் தோப்பு முழுக்கப் போய், மறுபடி வைத்த தென்னை இப்போதுதான் காய்க்கிறது. புயல் என்று அறிவித்தால் மட்டைகளை வெட்டிவிடலாமா? (ஜாம்பவானோடை வாசகர்)

*பதில்:* எல்லா மட்டையையும் வெட்டினால் புயல் வராவிட்டாலும் காய்ப்பு குறையும். புயல் எச்சரிக்கை உறுதியானதும் முற்றிய குலைகளையும், காய்ந்து தொங்கும் அடி மட்டைகளையும் மட்டும் இறக்குங்கள். தலைப்பாரம் குறையும். தோப்பில் தண்ணீர் நிற்காமல் வடிகால் எடுங்கள். மண் ஊறிப்போனால் வேர்ப்பிடி தளரும். அதன்பின் சாதாரணக் காற்றுக்கே மரம் சாயும். இளங்கன்றுகளுக்கு முட்டுக் கொடுத்து மண் அணையுங்கள். புயலுக்குப் பிறகு விழுந்த மரங்களைத் தோப்பிலேயே மட்க விட்டால் காண்டாமிருக வண்டும் சிவப்புக் கூன்வண்டும் பெருகி, நிற்கும் மரத்தையும் கெடுக்கும். சீக்கிரம் அப்புறப்படுத்துங்கள்.

*கேள்வி:* சம்பாவுக்குக் காப்பீடு செய்யக் கடைசி நாள் எது? அறுத்துப் போட்ட நெல் நனைந்தால் கிடைக்குமா? (எடையூர் வாசகர்)

*பதில்:* சம்பாவுக்கு வழக்கமாக நவம்பர் 15 கடைசி நாள். சில ஆண்டுகளில் நீட்டித்தார்கள், ஆனால் அதை நம்பி இருக்க வேண்டாம். கஜா கரை கடந்தது நவம்பர் 16 என்பதை நினைவில் வையுங்கள். விவசாயி செலுத்துவது காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம். சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிப் புத்தக நகலுடன் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவு கடன் சங்கத்திலோ பொதுச் சேவை மையத்திலோ பதியலாம். சர்வே எண்ணும் பரப்பும் ரசீதில் சரியாக இருக்கின்றனவா என்று அங்கேயே பார்த்துவிடுங்கள். அறுத்து வயலில் காயவைத்த கதிர் 14 நாளுக்குள் புயல் மழையில் கெட்டால் இழப்பீடு கோரலாம். 72 மணி நேரத்துக்குள் தகவல் தந்திருக்க வேண்டும். வயலில் நின்று எடுத்த படமும், தகவல் கொடுத்ததற்கான பதிவு எண்ணும் கையில் இருக்கட்டும்.

*கேள்வி:* செல்போனில் தினமும் மழை என்று காட்டுகிறது, பெய்வதில்லை. எதை நம்புவது? (உதயமார்த்தாண்டபுரம் வாசகர்)

*பதில்:* போனில் தானாக வரும் படம் ஒரு பெரிய பரப்புக்கான கணினிக் கணக்கு. மழை மேகம் பக்கத்து ஊரில் கொட்டிவிட்டு உங்கள் ஊரைத் தாண்டிப் போகலாம். மாவட்ட அறிக்கையையும் நிறத்தையும் பாருங்கள். மஞ்சள் என்றால் கவனம், ஆரஞ்சு என்றால் தயார் நிலை, சிவப்பு என்றால் உடனே செயல்படும் நேரம். முன்னறிவித்து வராத மழைக்காக நீங்கள் இழப்பது ஒரு நாள் வேலை. அறிவிப்பை ஒதுக்கிய நாளில் மழை வந்துவிட்டால் போவது ஆறு மாத உழைப்பு. அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்து, மடையைத் திறந்து வைத்துவிட்டே தூங்கப் போங்கள்.